எழுந்து நடப்பவரின் சக்கர நாற்காலி

சவாரியின் வாசலில் ஒரு சக்கர நாற்காலி வந்து நிற்கிறது. அதில் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். முகத்தில் வாட்டமில்லை, கையில் பாதி தின்ற ஐஸ்கிரீம். பெட்டி வந்ததும் நாற்காலியின் பிரேக்கைப் போட்டுவிட்டு எழுகிறார், நான்கு எட்டு நடக்கிறார், ஏறி உட்கார்ந்துகொள்கிறார். பின்னால் முக்கால் மணி நேரமாக நிற்பவர்களில் ஒருவர், "அதிசயம் பாருங்கப்பா, கால் வந்துடுச்சு!" என்கிற தொனியில் ஏதோ சொல்ல, நாலு பேர் சிரிக்கிறார்கள். அமெரிக்கக் கேளிக்கைப் பூங்காக்களில் இது மிகப் பழைய நகைச்சுவை. ஊழியர்களும் ஓய்வறையில் சொல்லிச் சிரித்துக்கொள்வதுண்டு.

ஆனால் வாசலில் நிற்கும் நேரத்தில் ஊழியர் சிரிக்க முடியாது. அந்தப் பெண்ணிடம் "உங்களுக்கு என்னம்மா?" என்று கேட்கவும் முடியாது. அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் 1990இல் வந்தது. அதன்கீழ் 2011 மார்ச் 15 முதல் நடப்பில் இருக்கும் விதிகள், சக்கர நாற்காலியில் வருபவரிடம் அவருடைய குறைபாடு எத்தகையது, எவ்வளவு என்று பொது இடம் எதுவும் கேட்கக் கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கின்றன. பூங்கா வாயிலிலேயே நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும். பணம் கட்டினால் யாரும் எடுத்துக்கொள்ளலாம். ஆக, நாற்காலி எதற்கும் சாட்சியில்லை. கேள்வி கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. பின்னால் நிற்கும் கூட்டமோ ஊழியரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, இவர் என்ன செய்யப்போகிறார் என்று.

இந்தக் கட்டுரை அந்த ஊழியரைப் பற்றியது. மாற்றுத்திறனாளிகளின் உரிமை பற்றியும், அதைத் தவறாகப் பயன்படுத்துவோர் பற்றியும் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் சீருடையில் நிற்பவரைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

முதலில், நடக்கத் தெரிந்தவருக்கு ஏன் நாற்காலி? பாட்ஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஒரு கோளாறை எடுத்துக்கொள்வோம். நாம் எழுந்து நின்றதும் உடலின் ரத்தத்தில் ஒரு பகுதி வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்கும். ரத்தக் குழாய்கள் உடனே இறுகி அதை மேலே தள்ளிவிடும்; நமக்கு ஒன்றும் தெரியாது. பாட்ஸ் உள்ளவர்களுக்கு இந்த ஏற்பாடு சரியாக வேலை செய்வதில்லை. நின்ற 10 நிமிடத்துக்குள் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் கூடிவிடும், பதின்பருவத்தினருக்கு 40. தலை சுற்றும், பார்வை மங்கும், சிலர் மயங்கி விழுவார்கள். இதில் வாசலில் நிற்பவர் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து ரத்தத்தைப் பிழிந்து மேலே அனுப்புகிறது. அசையாமல் நிற்கும்போது அந்த உதவியும் போய்விடுகிறது. அதாவது, இவர்களில் பலருக்கு நடப்பதைவிட நிற்பதுதான் ஆபத்து. க்யூ என்பதோ நிற்பதற்கென்றே கட்டப்பட்ட இடம். பெட்டிக்கு நான்கு எட்டு நடந்து போனதை வைத்து "நன்றாகத்தானே நடக்கிறார்" என்று முடிவுகட்டுபவர், அவரால் எதைச் செய்ய முடியுமோ அதை மட்டுமே பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதுகிறார்.

நரம்பு மண்டலத்தைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் இன்னொரு விதம். உடலை வருத்தினால் இவர்களுக்குக் கண் மங்குவதை ஜெர்மன் கண் மருத்துவர் ஊட்டாஃப் 1890இலேயே பதிவு செய்தார். உடல் வெப்பம் சற்றே ஏறினாலும் கண் மங்கும், கால் தளரும் என்பது பின்னாளில் தெரிந்தது. காலையில் வீட்டிலிருந்து தன் காலில் நடந்து வந்தவரை புளோரிடாவின் ஆர்லாண்டோ நகரத்து ஆகஸ்டு வெயில் பிற்பகலில் வேறு ஆளாக்கிவிடும். இதயம் பலவீனமானவர்கள், நுரையீரல் நோயாளிகள், மூட்டுகள் தாமாகவே நழுவும் எஹ்லர்ஸ்-டான்லாஸ் உள்ளவர்கள் வீட்டுக்குள் நாற்காலி இல்லாமல் சமாளித்துவிடுவார்கள். ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடக்கவைக்கும் பூங்காவில் முடியாது. வந்து வந்து போகும் நோயையும், அது தாக்கும் நேரத்து நிலையை வைத்துக் குறைபாடாகக் கொள்ள வேண்டும் என்று 2008இல் திருத்தப்பட்ட சட்டம் ஏற்றுக்கொண்டுவிட்டது. மனிதக் கண் இன்னும் ஏற்கவில்லை.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு உதாரணம் நீதிமன்றத்துக்கு வந்தது. தசைச்சிதைவு நோயுள்ள ஒரு பெண். அவருக்கு உட்கார்ந்த நிலையிலிருந்து எழுவதுதான் வேதனை, நிற்பது எளிது. எனவே சக்கர நாற்காலிக்குப் பதில், நின்றபடி ஓட்டும் செக்வேயில் டிஸ்னிலாந்துக்குள் வரக் கேட்டார். நிர்வாகம் மறுத்தது: நாற்காலியும் ஸ்கூட்டரும்தான் இருக்கிறதே, அதில் வரலாமே என்பது அதன் வாதம். அமெரிக்காவின் ஒன்பதாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012இல் அந்த வாதத்தை ஏற்கவில்லை. எப்படியோ உள்ளே வந்துவிட முடிகிறது என்பது போதாது. மற்றவர்களின் அனுபவத்துக்கு இணையான அனுபவம் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றது. நிற்க முடியாமல் உட்கார்பவர் ஒருவர், உட்கார முடியாமல் நிற்பவர் ஒருவர். வாசலில் இருப்பவருக்கு இருவருமே புதிர்.

சக்கர நாற்காலி வைத்திருந்தால் வரிசையில் நிற்க வேண்டாம் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது? கட்டடத்திலிருந்து. டிஸ்னிலாந்து 1955இல் திறக்கப்பட்டபோது சவாரிகளின் வரிசைகள் குறுகலான கம்பித் தடுப்புகளுக்குள் வளைந்து வளைந்து போயின. சில இடங்களில் படிகளும் இருந்தன. நாற்காலி அதற்குள் திரும்பாது. ஆகவே நாற்காலியில் வந்தவர்களைச் சவாரி முடிந்து வெளியேறும் வழியாக உள்ளே விட்டார்கள். அது கட்டடக் கோளாறுக்குப் போட்ட ஒட்டு. வரிசையில் நிற்பவர்கள் கண்ணில் அதுவே ராஜபாட்டையாகத் தெரிந்தது. 2001இல் பக்கத்திலேயே திறக்கப்பட்ட கலிபோர்னியா அட்வெஞ்சர் பூங்காவில் வரிசைகளையே அகலமாகக் கட்டினார்கள். நாற்காலியும் எல்லோரோடும் சேர்ந்தே நகர்ந்தது, எல்லோரையும் போலக் காத்திருந்தது. பழைய பூங்காவில் பழகியவர்கள் "அங்கே பின்வாசல் வழியா விட்டாங்களே, இங்கே ஏன் விடமாட்டேங்கறீங்க?" என்று சண்டைக்கு வந்தபோது பதில் சொல்ல வேண்டியிருந்தவர், கட்டடத்தை வரையாத, விதியை எழுதாத, மணிக்கணக்குச் சம்பளக்காரர்.

ஆட்டிசம் போன்று வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர்களுக்காக டிஸ்னி பூங்காக்களில் ஒரு அட்டை இருந்தது. அலுவலகத்தில் போய்த் தேவையைச் சொன்னால் கொடுப்பார்கள். மருத்துவச் சான்று வேண்டியதில்லை. நாளடைவில் அது பல சவாரிகளில் நேரே உள்ளே போகும் சீட்டாக மாறியது. 2013 மே மாதம் நியூயார்க் போஸ்ட் ஒரு செய்தி வெளியிட்டது. மன்ஹாட்டனின் பணக்காரக் குடும்பங்கள் சில, மாற்றுத்திறனாளி வழிகாட்டி ஒருவரை மணிக்கு 130 டாலர், நாளுக்கு 1,040 டாலர் என்று அமர்த்தி, அவரைக் குடும்பத்தில் ஒருவராகக் காட்டி வரிசையைத் தாண்டுகின்றன என்றது செய்தி. ஊரே கொதித்தது. அதே ஆண்டு அக்டோபர் 9 அன்று அந்த அட்டையை நிறுத்திவிட்டுப் புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தது டிஸ்னி. இதன்படி வரிசை 60 நிமிடம் என்றால், ஏறக்குறைய அந்த நேரம் கழித்து வரச் சொல்வார்கள். அதுவரை வேறெங்காவது உட்கார்ந்திருக்கலாம். காத்திருப்பு எல்லோருக்கும் ஒன்று, காத்திருக்கும் இடம் மட்டும் வேறு.

இதை எதிர்த்து ஆட்டிசம் உள்ள இளைஞர் ஒருவர் சார்பில் தொடர்ந்த வழக்கில் டிஸ்னி தன் பொறியாளர்களின் கணக்கை வைத்தது. பழைய அட்டை வைத்திருந்தவர்கள் வருகையாளர்களில் 3.3 விழுக்காடு; மிகப் பிரபலமான ஒரு சவாரியில் ஏறியவர்களில் அவர்கள் 30 விழுக்காடு. 2020இல் நீதிமன்றம் டிஸ்னிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அந்த 30 விழுக்காட்டை ஏமாற்றுக்காரர்களின் எண்ணிக்கையாகப் படிப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. காத்திருக்க வேண்டாம் என்றால் உண்மையான நோயாளியும்தான் ஒரே சவாரியில் ஐந்து முறை ஏறுவார். யாராயிருந்தாலும் ஏறுவார்கள். பணம் கட்டிச் சிறப்பு தரிசன வரிசையில் நின்று பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அட்டை வழங்கிய மேசைக்கு வருவோம். டிஸ்னிலாந்தில் நுழைந்ததும் சிட்டி ஹால் என்று ஒரு கட்டடம். விருந்தினர் குறைகளைக் கேட்கும் இடம். அங்கே இருந்த ஊழியர் நோயின் பெயரைக் கேட்கக் கூடாது, "வரிசையில் நிற்பதில் உங்களுக்கு என்ன சிரமம்?" என்று மட்டும் கேட்கலாம். ஆனால் நம்பமாட்டார்களோ என்ற பயத்தில் வருபவர் எல்லாவற்றையும் கொட்டிவிடுவார். மருந்துப் பட்டியலை எடுத்துக் காட்டுவார்கள். சட்டையைத் தூக்கி வயிற்றில் பொருத்திய பையைக் காட்ட முற்படுவார்கள். பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அவன் எப்போதெல்லாம் கத்துவான், எங்கே கடிப்பான் என்று தாய் விவரிப்பார். பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கும். ஊழியருக்கு இதில் எதுவும் தேவையில்லை, தடுக்கவும் முடியாது. அவர் டாக்டர் இல்லை, நீதிபதி இல்லை. கல்லூரி விடுமுறையில் வேலைக்கு வந்த பையனாகக்கூட இருக்கலாம். அடுத்து வருபவர் அதே சிரமத்தை, எங்கோ படித்து மனப்பாடம் செய்த சொற்களில் ஒப்பிப்பார். இருவருக்கும் ஒரே புன்னகை, ஒரே பதில்.

இந்தப் புன்னகைக்குச் சமூகவியலில் பெயருண்டு. விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்த ஆர்லி ஹாக்ஸ்சைல்டு 1983இல் வெளியிட்ட நூலில், சம்பளத்துக்காக உணர்ச்சியை அடக்கியும் வரவழைத்தும் காட்டுவதை 'உணர்ச்சி உழைப்பு' என்றார். டிஸ்னிலாந்திலேயே சவாரி இயக்குபவராக வேலை பார்த்துப் பின்னாளில் எம்.ஐ.டி. பேராசிரியரான ஜான் வான் மானென் 1991இல் எழுதிய கட்டுரை இன்னும் உள்ளே போகிறது. அங்கே ஊழியருக்குப் பெயரே 'காஸ்ட் மெம்பர்', அதாவது நாடகத்தில் நடிப்பவர், வருபவர் 'விருந்தினர்', சீருடைக்கு 'காஸ்ட்யூம்' என்று பெயர். வாயால் எதிர்த்துப் பேச முடியாத ஊழியர்கள், அடாவடி செய்யும் விருந்தினரின் இருக்கைப் பட்டையைக் கொஞ்சம் அதிகமாகவே இறுக்கிவிடுவது போன்ற சின்னச் சின்னப் பழிவாங்கல்களை அவர் பதிவு செய்திருக்கிறார். படிக்கும்போது சிரிப்பு வரும். அந்த இறுக்கல், வெளியே தெரியாத மூட்டு நோயுள்ள ஒருவர்மீது விழுந்தால் என்னவாகும் என்று நினைத்தால் சிரிப்பு நின்றுவிடும். சந்தேகத்தை வார்த்தையில் காட்ட முடியாதவர் கையில் காட்டிவிடுவார்.

ஊழியர் சொல்லும் 'முடியாது' எல்லாமே சந்தேகத்தால் வருவதுமில்லை. விருந்தினரைத் தூக்கி இருக்கையில் வைக்க டிஸ்னி ஊழியருக்கு அனுமதியில்லை. கூட வந்தவர்தான் செய்ய வேண்டும். கைவசம் இருப்பவர் வயதான மனைவி மட்டும் என்றால், பக்கத்தில் நிற்கும் வாட்டசாட்டமான ஊழியர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பது கல்நெஞ்சமாகத் தெரியும். இடம் காலியாக இருந்தும் இரண்டாவது நாற்காலிக்காரரைக் காக்க வைப்பதும் அப்படித்தான். காரணம் வேறு: சவாரி நடுவழியில் நின்றால், தானாக இறங்கி நடக்க முடியாதவர்களை வெளியே கொண்டுவர எத்தனை பேர் வேண்டும் என்ற கணக்கு.

அந்தக் கணக்கு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 2009 நவம்பரில் நடந்த சம்பவம் சாட்சி. டிஸ்னிலாந்தின் 'இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்டு' படகுச் சவாரி பழுதாகி நின்றது. மற்றவர்களை இறக்கிக் கூட்டிப் போனார்கள். கை கால் செயலற்ற ஒருவர் சக்கர நாற்காலியோடு படகில் இருந்தார். அவரை இறக்க வழியில்லை. சவாரி சரியாகும் வரை அரை மணி நேரத்துக்கும் மேலாக உள்ளேயே இருந்தார். பொம்மைகள் பாடும் பாட்டோ நிற்கவேயில்லை. தண்டுவடத்தின் மேற்பகுதி பாதிக்கப்பட்டவர்களுக்குச் சிறுநீர்ப்பை நிறைந்தாலே ரத்த அழுத்தம் கட்டுமீறி ஏறும் ஆபத்து உண்டு. அவருக்கும் அந்தப் பிரச்சினை இருந்தது. 2013இல் நீதிமன்றம் அவருக்கு 8,000 டாலர் இழப்பீடு அளித்தது. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது தொகையல்ல. அந்த அரை மணி நேரம் படகருகே ஊழியர் யாராவது நின்றிருந்தால், அவரிடம் என்ன இருந்திருக்கும்? தூக்க அனுமதியில்லை. பாட்டை நிறுத்தும் பொத்தான் அவர் கைக்கெட்டும் இடத்தில் இருந்திருக்குமா என்பதே சந்தேகம்.

இதுவரை ஊழியரை நல்ல உடம்போடு நிற்பவராகவே வைத்துப் பேசிவிட்டேன். அது சரியல்ல. வெளியே தெரியாத நோய்கள் விருந்தினருக்கு மட்டும் வருபவை இல்லையே. அதே பாட்ஸ், அதே முதுகுவலி, அதே குடல் அழற்சி சீருடைக்குள்ளும் இருக்கும். இங்கேதான் சட்டம் ஒரு விசித்திரமான கோட்டைப் போடுகிறது. வரிசைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் இருப்பவரிடம் குறைபாடு பற்றிக் கேட்கவே கூடாது. இந்தப் பக்கம் நிற்பவர் "எனக்கு ஒரு ஸ்டூல் வேண்டும்" என்று முதலாளியிடம் கேட்டால், கண்ணுக்குத் தெரியாத குறைபாடு என்ற காரணத்தாலேயே மருத்துவச் சான்று கேட்க முதலாளிக்கு உரிமை உண்டு. ஒரே சட்டத்தின் இரண்டு அத்தியாயங்கள். நுகர்வோரின் உடலை நம்பிவிட வேண்டும். தொழிலாளியின் உடல் நிரூபிக்க வேண்டும். சான்று கேட்பதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. பணியை மாற்றியமைக்க ஏதாவது ஆதாரம் வேண்டும்தான். ஆனால் தன் வலிக்குக் காகிதம் தேடி டாக்டர் வீட்டுக்கு அலைந்துவிட்டு வந்தவர், காகிதமே இல்லாமல் நாற்காலியிலிருந்து எழுந்து நடப்பவரைப் பார்க்கும்போது மனதில் என்ன ஓடும் என்று யோசிக்க வேண்டும். ஊழியர்களிடம் காணப்படும் சந்தேகத்தில் ஒரு பங்கு அறியாமை. இன்னொரு பங்கு இந்தப் பொறாமை. "எனக்குத் தராததை உனக்குக் கேள்வி கேட்காமல் தருகிறார்களே" என்ற பொறாமை.

உட்காருவது என்பதே அங்கே சிக்கலான விஷயம். உட்கார்ந்தவர் சோம்பேறியாகத் தெரிவார், காட்சியின் களை கெட்டுவிடும் என்று நினைக்கும் முதலாளிகள் எல்லாத் துறையிலும் இருக்கிறார்கள். கலிபோர்னியாவில் வேலையின் தன்மை இடம் கொடுத்தால் தொழிலாளிக்கு இருக்கை தர வேண்டும் என்று பழைய விதியொன்று உண்டு. காசாளர்களும் வங்கி ஊழியர்களும் தொடுத்த வழக்குகளில் அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2016இல் அதற்கு உயிர் கொடுத்தது: நாள் முழுவதையும் மொத்தமாகப் பார்த்து மறுக்கக் கூடாது, அந்தந்த இடத்தில் செய்யும் வேலை உட்கார்ந்து செய்யக்கூடியதா என்று பார்க்க வேண்டும், தகுந்த இருக்கை தர இயலாது என்றால் அதை நிரூபிப்பது முதலாளியின் பொறுப்பு. நோய் இருந்தால்தான் நாற்காலி என்றில்லாமல் எல்லோருக்கும் நாற்காலி என்பது இதன் அழகு. யாரும் யாரிடமும் காகிதம் நீட்ட வேண்டியதில்லை.

சம்பளத்தையும் இதில் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2018இல் ஆக்ஸிடென்டல் கல்லூரியும் எகனாமிக் ரவுண்ட்டேபிள் என்ற ஆய்வு நிறுவனமும் டிஸ்னிலாந்து ஊழியர்களில் சுமார் 5,000 பேரிடம் ஆய்வு செய்தன. முந்தைய இரண்டு ஆண்டுகளில் வீடின்றி இருந்திருக்கிறோம் என்றவர்கள் 11 விழுக்காடு. நான்கு பேர் கொண்ட குடும்பம் ஒரு நாளுக்குச் செலவிடும் தொகை தன் பல நாள் சம்பளம் என்று தெரிந்தவர்தான், அந்தக் குடும்பத்திடம் "மன்னிக்கவும், இது உங்களுக்குப் பொருந்தாது" என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

2024 ஏப்ரலில் டிஸ்னி ஏற்பாட்டை மறுபடி மாற்றுவதாக அறிவித்தது. ஆட்டிசம் போன்ற வளர்ச்சிசார் குறைபாட்டால் வழக்கமான வரிசையில் நீண்ட நேரம் காத்திருக்க முடியாதவர்களுக்கே இனி இந்தச் சேவை. நேர்காணல் வீடியோ அழைப்பில். தேவைப்பட்டால் வெளி நிறுவனத்தின் சுகாதார நிபுணர்கள் உரையாடலில் சேர்வார்கள். பொய் சொன்னது தெரிந்தால் நிரந்தரத் தடை. யுனிவர்சல் பூங்காக்கள் 2023இலேயே வேறொரு வழியை எடுத்திருந்தன: வெளி அமைப்பிடம் ஆவணம் காட்டிப் பதிவு செய்துகொண்டு வர வேண்டும். வாசலில் நிற்பவர் தோளிலிருந்து ஒரு சுமையைத் தூக்கித் திரைக்கு மாற்றிவிட்டார்கள் என்று இதைப் பாராட்டலாம். அதே 2024 அக்டோபரில், எல்லா விரைவு வரிசைகளிலும் நேரம் குறிக்காமல் நுழைய உதவும் டிஸ்னியின் பிரீமியர் பாஸ், புளோரிடாவில் தேதியையும் பூங்காவையும் பொறுத்து 129 முதல் 449 டாலர் வரை விலையில் விற்பனைக்கு வந்தது. சேவை பெறும் மாற்றுத்திறனாளிகளும் நுழைவது அதே விரைவு வரிசைகளில்தான். இலவசமாக உள்ளே போகும் ஒவ்வொருவரும் விலைகொடுத்து வாங்கியவரின் வேகத்தைக் குறைக்கிறார் என்ற கணக்கு முடிவில் எவ்வளவு இடம்பெற்றது என்பதை நிறுவனம்தான் அறியும். உடல் குறைபாடு உள்ளவர்களைத் தள்ளிவைப்பதாகச் சொல்லி 2025 பிப்ரவரியில் கலிபோர்னியாவில் வழக்கும் தொடுக்கப்பட்டது.

தள்ளிவைக்கப்பட்டவர்களுக்கு மாற்று வழிகள் சொல்லப்பட்டன. அவற்றில் ஒன்று, வரிசையிலிருந்து இடையில் வெளியே போய்த் திரும்பிச் சேர்ந்துகொள்வது. குடல் அழற்சியான குரோன் நோயுள்ள ஒருவர் குடும்பத்தோடு 70 நிமிட வரிசையில் நிற்கிறார். நாற்பதாவது நிமிடம் கழிப்பறைக்கு ஓட வேண்டும். நூறு பேரைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்து ஊழியரிடம் விஷயத்தைச் சொல்கிறார். திரும்பி வந்தபின் அதே நூறு பேரைத் தாண்டித் தன் குடும்பத்திடம் போய்ச் சேர வேண்டும். வழியில் நிற்பவர்கள் "எங்கே முந்துற?" என்பார்கள், பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறார். அவர் திரும்பி வாசலைப் பார்க்கிறார். அங்கே இருப்பவர் குரலை உயர்த்தி, "வழி விடுங்க, அவர் ஏற்கெனவே நின்னவர்தான்" என்று சொல்ல வேண்டும். ஏன் வெளியே போனார் என்று சொல்லக் கூடாது. சிரித்த முகமாகச் சொல்ல வேண்டும். அவரும் அந்த வாசலில் காலையிலிருந்து நின்றுகொண்டிருக்கிறார்.